தவளையின் குரலும் ஹீப்ரு மொழியும்

மூஸா (அலை) அவர்களை ஏற்க மறுத்த ஃபிர்அவ்னின் கூட்டத்தார்மீது அல்லாஹ் அனுப்பிய சோதனைகளைத் திருக்குர்ஆனின் ஏழாம் அத்தியாயம் 133ஆம் வசனம் வரிசையாகக் கூறுகிறது. வெள்ளம், வெட்டுக்கிளி, பேன், தவளை, இரத்தம் என்பன அவை. தவளைகளால் நேர்ந்த துன்பம் எத்தகையது என்பதை விரிவுரையாளர்கள் விளக்கியுள்ளனர். தவளைகள் கொதிக்கும் சட்டிகளில் பாய்ந்தன; உணவில் விழுந்தன; பேச வாய் திறந்தவனின் வாய்க்குள்ளும் குதித்தன என்னும் செய்திகளை இமாம் தப்ரீ (ரஹ்) தமது தஃப்ஸீரில் பதிவு செய்திருக்கிறார்கள். யூதர்களிடமுள்ள தவ்ராத்தில், யாத்திராகமம் எனத் தமிழில் வழங்கும் பகுதியும் இதையொத்த காட்சியையே தருகிறது. அடுப்பிலும் மாவு பிசையும் தொட்டியிலும் படுக்கையறையிலும் தவளைகள் ஏறின என்கிறது அது.

இவ்விரண்டிலும் ஒரு செய்தி மட்டும் சொல்லப்படவில்லை. ஒரு நாடு முழுவதும் தவளைகள் நிறைந்துவிட்டால் மனிதனை முதலில் வந்தடைவது அவற்றின் ஓசையாகத்தான் இருக்கும். மழைக்காலத்தில் ஊருணிக் கரையில் வீடு உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த ஓசையைக் குறித்து இரு வேதங்களும் ஒன்றும் கூறவில்லை. ஹீப்ரு வேதத்தில் தவளை பேசப்படும் இடங்களே மிகச் சில. யாத்திராகமத்தில் இந்நிகழ்ச்சி, சங்கீதங்களில் இரண்டு இடங்களில் இதே நிகழ்ச்சியின் நினைவூட்டல். அவ்வளவுதான். ஆகவே தவளை கத்துவதற்கு மூஸா நபியின் சமூகத்தார் என்ன சொல் வைத்திருந்தனர் என்பதை அவர்களுடைய வேதத்திலிருந்து அறிய வழியில்லை. பின்வந்த யூத அறிஞர்களே அந்த வெற்றிடத்தை நிரப்பினர். அவர்கள் நிரப்பிய விதத்தைப் பின்தொடர்ந்தால், நம் மார்க்க நூல்களில் தவளையின் குரலுக்குத் தரப்பட்டிருக்கும் இடத்தருகே போய்ச் சேர்கிறோம்.

முதலில் பெயரைப் பார்ப்போம். அரபியில் தவளைக்கு ‘ளிஃப்தஃ’ என்று பெயர். அதன் பன்மையான ‘ளஃபாதிஃ’ என்னும் சொல்லே குர்ஆனில் வந்துள்ளது. ஹீப்ருவில் ‘ட்ஸஃபர்தேஅ’. அரமேய மொழியில் ‘உர்தெஆ’. மேலோட்டமாகப் பார்த்தால் மூன்றும் வெவ்வேறு சொற்களாகத் தோன்றும். ஆனால் அரபியின் ‘ளாத்’ எழுத்து நிற்குமிடத்தில் ஹீப்ருவில் ‘ட்ஸாதே’யும் அரமேயத்தில் ‘ஐன்’ போன்ற தொண்டையொலியும் வருவது இம்மொழிகளுக்கிடையே பழகிய வழக்கம். பூமியை அரபி ‘அர்ள்’ என்கிறது. ஹீப்ரு ‘எரெட்ஸ்’ என்கிறது. அரமேயம் ‘அர்ஆ’ என்கிறது. தவளையின் மூன்று பெயர்களும் ‘தால், ஐன்’ என்னும் இரு மெய்களில் முடிவதையும் சேர்த்துப் பார்த்தால் இவற்றின் உறவு விளங்கிவிடும்.

விலங்குகளின் குரலைக் குறிக்கும் சொற்களிலும் இந்த உறவைக் காணலாம். கழுதையின் கத்தலை அரபிகள் ‘நஹீக்’ என்பர். ஹீப்ருவில் அதற்குரிய வினை ‘நாஹக்’. குதிரையின் கனைப்பு அரபியில் ‘ஸஹீல்’; ஹீப்ருவில் ‘ட்ஸாஹல்’. ஒரே வீட்டில் பிறந்த பிள்ளைகளின் முகச்சாயல் போன்றது இது. தவளையிடம் வந்தவுடன் இந்தச் சாயல் மறைந்துவிடுகிறது. அரபியில் தவளையின் ஓசை ‘நகீக்’. ஹீப்ருவில் அது ‘கிர்கூர்’. பெயரில் ஒன்றுபட்ட இரு மொழிகளும் குரலில் பிரிந்துவிட்டன.

ஹீப்ரு மரபில் எகிப்தின் தவளைக்குக் கிடைத்த முதல் குரல்களில் ஒன்று கத்தலன்று, சீழ்க்கை. அதன் பின்னணி சுவையானது. தவளைகள் எகிப்தின்மேல் ஏறி வந்ததைச் சொல்லும் தவ்ராத் வாக்கியத்தில் ‘தவளை’ என ஒருமைச் சொல்லே வருகிறது. ஒருமை ஏன் என்ற கேள்வி எழுந்தது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ரப்பீ அகீவா, தவளை ஒன்றுதான் என்றும், அதுவே பெருகி நாடு முழுவதையும் நிறைத்தது என்றும் விளக்கம் கூறினார். அவருடைய சமகாலத்து அறிஞர் எல்அஸார் பென் அஸர்யா இதைக் கேட்டுச் சீறினார். கதை விளக்கங்களில் உமக்கென்ன வேலை, தூய்மை பற்றிய சட்டங்களோடு நிறுத்திக்கொள்ளும் என்ற பொருள்படக் கடிந்துகொண்டார். பிறகு தம் விளக்கத்தைத் தந்தார். தவளை ஒன்றுதான், ஆனால் அது மற்றத் தவளைகளை நோக்கிச் சீழ்க்கையடித்து அழைக்க, அவையெல்லாம் வந்து சேர்ந்தன. தல்மூதின் ஸன்ஹெத்ரின் பகுதியில் இவ்வுரையாடல் உள்ளது. அங்கே பயன்படும் வினை ‘ஷாரக்’. உதடு குவித்து ஊதுவதைக் குறிப்பது.

தவளை சீழ்க்கையடிக்குமா என்று நகைக்கத் தோன்றும். ஃபலஸ்தீனத்தில் காணப்படும் பச்சைத் தேரை எழுப்பும் ஒலி நீண்டு அதிரும் மெல்லிய சீழ்க்கையை ஒத்ததுதான். எல்அஸார் அதைக் கேட்டுத்தான் சொன்னாரா என்பது வேறு. ஆனால் தவளையின் ஓசை ஒன்றையொன்று அழைப்பதற்கானது என்று அவர் கருதினார் அல்லவா, அது சரியே. ஆண் தவளை வாயை மூடிக்கொண்டு, நுரையீரலுக்கும் தொண்டைப் பைக்கும் இடையே காற்றை ஓட்டிக் குரல் எழுப்புகிறது; பெண் தவளையை வரவழைப்பதே அதன் முதன்மையான நோக்கம். குர்ஆனில் பன்மைச் சொல் வந்திருப்பதால் நம் விரிவுரையாளர்களுக்கு இத்தகைய வாதத்தில் இறங்கும் தேவையே நேரவில்லை.

இரண்டாவது வாதம் இன்னும் அடிப்படையானது. ‘ட்ஸஃபர்தேஅ’ என்பது தவளைதானா என்ற ஐயமே யூத அறிஞர்களிடையே எழுந்தது. ஹீப்ரு அப்போது வழிபாட்டிலும் எழுத்திலும் வாழ்ந்ததேயன்றி, வீட்டுப் பேச்சு மொழியாக இருக்கவில்லை. அரிதாக வரும் ஒரு விலங்கின் பெயர் அத்தகைய மொழியில் தன் பொருளைத் தளரவிடுவது இயல்பே. வடஆப்பிரிக்காவின் கைரவான் நகரில் 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ரப்பேனூ ஹனனேல், அது நைல் நதியின் முதலையே என்று கருதினார். மூஸாவின் பிரார்த்தனைக்குப் பின் அவை ஆற்றில் மட்டும் எஞ்சியிருக்கும் என்று தவ்ராத் கூறுவதை அவர் இன்றும் நைலில் முதலைகள் இருப்பதோடு பொருத்திப் பார்த்தார். மாவுத் தொட்டிக்குள் முதலை ஏறுவதை என்னால் கற்பனை செய்ய இயலவில்லை. இருப்பினும் அக்காலத்தில் இது மதிப்புடன் பேசப்பட்ட கருத்து.

அடுத்த நூற்றாண்டில் இதற்கு விடை கூறியவர் அந்தலுஸின் துதேலா நகரில் பிறந்த இப்னு எஸ்ரா. அரபி இலக்கணச் சூழலில் வளர்ந்து, ஹீப்ருவில் எழுதியவர். முதலைக் கருத்தை எடுத்துக்காட்டும்போது அவர் ‘அல்திம்ஸாஹ்’ என்ற அரபிச் சொல்லையே தம் ஹீப்ரு உரைக்குள் வைக்கிறார். பின்னர் வேறு சிலரின் கருத்தைக் கூறி, அதுவே சரியென முடிக்கிறார். பெரும்பாலான ஆறுகளில் காணப்படுபவையும் குரல் உடையவையுமான உயிர்களே அவை என்பது அக்கருத்து. தவளையை அவர் அடையாளம் காட்டிய விதத்தைக் கவனியுங்கள். குதிப்பது, வழவழப்பான தோலுடையது, நீரிலும் நிலத்திலும் வாழ்வது என்று எதையும் அவர் சொல்லவில்லை. குரல் உடையது என்றார். படிப்போருக்கு அது போதுமானதாக இருந்தது. ஐயத்துக்குள்ளான ஒரு வேதச் சொல்லின் பொருளை அவ்வுயிரின் ஓசையைக் கொண்டே நிலைநிறுத்தினார்கள்.

அந்த ஓசையை எகிப்தியர் எப்படிக் கேட்டிருப்பார்கள்? யூதர்களின் மித்ராஷ் மரபில் ஒரு விளக்கம் உண்டு. தவளைகளால் நேர்ந்த சேதத்தைவிட அவற்றின் குரலே எகிப்தியருக்குத் தாங்கமுடியாததாக இருந்தது. உடலுக்குள் புகுந்து உள்ளிருந்தே அவை கத்தின என்பது அது. இது வேதத்தில் உள்ளதன்று. இதைச் செய்தியாக நாம் ஏற்கவும் தேவையில்லை. ஆனால் எகிப்தின் பழைய நம்பிக்கையை அறிந்தவர்களுக்கு இவ்விளக்கம் வெறுங்கற்பனையாகத் தோன்றாது. அந்நாட்டார் தவளைத் தலையுடன் ஹெகெத் என்றொரு தெய்வத்தை வணங்கினர். பிள்ளைப்பேற்றுக்கு உரிய தெய்வம் அது. அவர்களுடைய சித்திர எழுத்தில் தலைப்பிரட்டையின் உருவம் 1,00,000 என்னும் எண்ணைக் குறித்தது. நைலின் வெள்ளத்தோடு தவளைகள் பெருகும்; வெள்ளமோ விளைச்சலைக் கொண்டுவரும். செழிப்பின் அடையாளமாக அவர்கள் விரும்பிக் கேட்ட அதே குரல் வீட்டுக்குள்ளும் படுக்கைக்குள்ளும் வந்து நின்றது. ஃபிர்அவ்ன் வேறு வழியின்றி மூஸா (அலை) அவர்களிடம் பிரார்த்திக்கக் கேட்டான். துன்பம் நீங்கியதும் வாக்கை முறித்தான். இந்த வாக்கு முறிவை அல் அஃராஃப் அத்தியாயத்தின் அடுத்த இரு வசனங்கள் கூறுகின்றன.

இனி ‘கிர்கூர்’ என்ற சொல்லுக்கு வருவோம். ‘கிர்’ என்னும் அசை இரட்டித்துப் பிறந்த ஒலிக்குறிப்புச் சொல் இது. தவளைக்கு மட்டும் உரியதன்று. கோழி கொக்கரிப்பதையும் ஹீப்ருவில் இதே வினையால்தான் சொல்வர். பசியில் வயிறு இரைவதையும் ‘கிர்கூர்’ என்பர். அரபியில் இதற்கு உறவான ‘கர்கர’ உண்டு. அதுவும் வயிற்று இரைச்சலைக் குறிக்கும். அரபியின் ‘நகீக்’கும் தவளையோடு நின்றுவிடாமல் கோழிக்கும் செல்கிறது. தவளைக்கும் கோழிக்கும் ஒரே சொல் என்பதில் மட்டும் இரு மொழிகளும் மீண்டும் ஒன்றுபடுகின்றன. ஈராக்கில் உருவான தல்மூதில் தவளைக்கு ‘அக்ரூக்தா’ என்றொரு அரமேயப் பெயரும் வருகிறது. அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் குளக்கரை ஓசை கேட்கும். ரப்பா பர் பர் ஹனா என்ற பயணி, அறுபது வீடுகள் கொண்ட கோட்டையளவு பெரிய அக்ரூக்தாவைக் கண்டதாகவும், அதைப் பாம்பொன்று விழுங்க, அப்பாம்பைக் காக்கை விழுங்கிவிட்டு மரத்தில் போய் அமர்ந்ததாகவும், அம்மரத்தின் வலிமையை எண்ணிப் பாருங்கள் என்று சொன்னதாகவும் ஒரு கதை அங்குள்ளது. பிள்ளைகளுக்குச் சொல்ல ஏற்ற கதை.

அரபியின் ‘நகீக்’குக்கு நம் வரலாற்றில் கசப்பான ஓர் இடம் உண்டு. பொய்யன் முஸைலிமா தனக்கும் வஹீ வருவதாகக் கூறி இட்டுக்கட்டிய வாசகங்களில், தவளையை விளித்துக் கத்தும்படி சொல்லும் ஒன்றே மிகவும் அறியப்பட்டது. நீரைக் கலக்கவும் மாட்டாய், நீர் அருந்துபவரைத் தடுக்கவும் மாட்டாய் என்றெல்லாம் அது அத்தவளையிடம் பேசுகிறது. யமாமா போருக்குப் பின் பனூ ஹனீஃபா கூட்டத்தார் வந்தபோது அபூபக்ர் (ரலி) அவர்கள் அவனுடைய வாசகங்களைக் கேட்டு வியந்து, இது உங்களை எங்கே கொண்டுபோய்விட்டது என்று வருந்தியதாக வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. தவளையைப் பற்றிக் குர்ஆன் பேசியதற்கும் முஸைலிமா பேசியதற்கும் உள்ள தொலைவை அறிய அரபுப் புலமைகூட வேண்டியதில்லை.

ஹீப்ரு மீண்டும் பேச்சு மொழியானபோது தவளையின் குரலும் புதிதாகத் தேவைப்பட்டது. எலியேஸர் பென் யஹூதா 1881இல் உஸ்மானிய ஆட்சியிலிருந்த ஃபலஸ்தீனத்துக்கு வந்து பைத்துல் முகத்தஸ் நகரில் குடியேறினார். 1882இல் பிறந்த தம் மகனுக்கு ஹீப்ருவைத் தவிர வேறெந்த மொழியும் காதில் விழக்கூடாது என்று கட்டுப்பாடு விதித்தார். பறவைகளின் கூவலும் குதிரைக் கனைப்பும்கூட அயல்மொழிகளே எனத் தம்மைக் கேட்கவிடாமல் தந்தை காத்ததாக அம்மகன் பிற்காலத்தில் எழுதினார். அதில் மிகைப்படுத்தல் இருக்கலாம். என்றாலும் நூல்களில் மட்டும் வாழ்ந்த மொழியில் ஒரு குழந்தையை வளர்ப்பதன் சிரமம் அதில் தெரிகிறது. சட்டமும் வழிபாடும் பேச அம்மொழியில் சொல் ஏராளம்; குழந்தையைத் தொட்டிலில் வைத்துக்கொண்டு தவளையைப்போல் கத்திக்காட்டச் சொல் இல்லை. இல்லாத சொற்களுக்கு அவர் பழைய நூல்களையும் அரபி வேர்களையும் நாடினார். இன்று ஹீப்ரு பேசும் குழந்தைகளின் தவளை ‘க்வா க்வா’ என்கிறது. ரஷ்யக் குழந்தைகளின் தவளையும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. குடியேறியவர்களில் பலர் எங்கிருந்து வந்தனர் என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை. பெரியவர்களின் எழுத்தில் மட்டும் பழைய ‘கிர்கூர்’ தொடர்கிறது.

அந்த மண்ணிலேயே ஒரு தவளையின் குரல் அடங்கிப்போன வரலாறும் இருக்கிறது. ஃபலஸ்தீனத்தின் வடக்கே ஹூலா என்னும் ஏரியும் அதைச் சூழ்ந்த சதுப்பு நிலமும் இருந்தன. கவாரினா என்னும் அரபுகள் அங்கே எருமை மேய்த்தும், கோரை அறுத்துப் பாய் முடைந்தும் வாழ்ந்தனர். 1948இல் அவர்களில் பெரும்பாலோர் அங்கிருந்து வெளியேற்றப்பட்டனர். 1950களில் இஸ்ரேல் அரசு ஏரியை வடித்து விளைநிலமாக்கியது. அந்தச் சதுப்பில் மட்டுமே வாழ்ந்த, வயிற்றில் வெண்புள்ளிகள் கொண்ட ஒரு தவளையினம் 1955க்குப் பின் எவர் கண்ணிலும் படவில்லை. 1996இல் அது அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. 2011இல், நீர் திருப்பிவிடப்பட்டுக் காப்பகமாக வைக்கப்பட்டிருந்த பகுதியில், அது மீண்டும் உயிருடன் கண்டெடுக்கப்பட்டது. பாய் முடைந்தவர்களின் குடும்பங்கள் இன்னும் அகதிகளாகவே உள்ளன.

இதுவரை பார்த்தவற்றில் தவளையின் குரல் அழைப்பாகவும் இரைச்சலாகவும் அடையாளமாகவும் இருந்தது. யூதர்களிடம் அதற்கு வேறொரு பொருளும் உண்டு. ‘பெரெக் ஷீரா’ என்ற சிறு நூல், வானம் முதல் எறும்பு வரை ஒவ்வொரு படைப்பும் இறைவனை எந்தச் சொற்களால் துதிக்கிறது என்று கூறுகிறது. 10ஆம் நூற்றாண்டிலேயே இந்நூல் பேசப்பட்டது. அதில் தவளைக்கு உரியது, இறைவனுடைய ஆட்சியின் மாண்பு என்றென்றும் போற்றப்படுக என்ற பொருளுடைய துதி. யூதர்கள் தம் தினசரித் தொழுகையில் மெல்லிய குரலில் ஓதுவதும் அதுவே. இதனுடன் ஒரு கதையும் வழங்குகிறது. தாவூத் (அலை) சங்கீதங்களை முடித்தபோது, தம்மைவிட அதிகம் துதித்த படைப்பு உண்டா என எண்ணினார். ஒரு தவளை எதிர்ப்பட்டு, நான் உம்மைவிட அதிகம் துதிக்கிறேன் என்றது.

இதைப் படிக்கும் முஸ்லிம்களில் சிலருக்கு இது முன்பே கேட்டதாகத் தோன்றும். இமாம் பைஹகீ (ரஹ்) (இறப்பு ஹிஜ்ரி 458) தமது ‘ஷுஅபுல் ஈமான்’ நூலில் இதையொத்த செய்தியைப் பதிவு செய்துள்ளார்கள். தாவூத் (அலை) மிஹ்ராபில் அமர்ந்திருக்க, அருகே நீர்த்தடாகம் இருக்க, ஒரு வானவர் வந்து அங்குள்ள தவளையின் குரலைப் புரிந்துகொள்ளும்படி கூறினார். அவர்கள் செவிமடுத்தபோது, தாம் இதுவரை சொல்லியிராத ஒரு தஸ்பீஹை அது சொல்லிக்கொண்டிருந்தது. எகிப்தின் அறிஞர் தமீரீ (ரஹ்) ‘ஹயாத்துல் ஹயவான்’ என்ற தம் விலங்கு நூலிலும் இச்செய்தியை எடுத்தாண்டுள்ளார்கள். வேறொரு வடிவில் தவளையே நபியிடம் நேரில் பேசுகிறது.

யார் யாரிடமிருந்து கேட்டனர் என்ற வழக்காடலில் பயனில்லை. வேதக்காரர்கள் கூறும் இத்தகைய செய்திகளை மெய்ப்பிக்கவும் வேண்டாம், பொய்ப்பிக்கவும் வேண்டாம் என்பது நபி (ஸல்) அவர்கள் நமக்குத் தந்த வழிமுறை. இதை அந்த இடத்தில் வைத்துப் படித்தால் போதும். தாவூத் நபியின் துதியோடு மலைகளும் பறவைகளும் சேர்ந்து துதித்தன என்பது குர்ஆனின் செய்தி (21:79, 34:10). ஏழு வானங்களிலும் பூமியிலும் உள்ள யாவும் அவனைத் துதிக்கின்றன, ஆயினும் அவற்றின் துதியை நீங்கள் உணர்ந்துகொள்வதில்லை என்பதும் குர்ஆன் சொல்வதே (17:44). ‘பெரெக் ஷீரா’ ஒவ்வோர் உயிரின் துதிக்கும் ஹீப்ரு வாசகம் ஒன்றைத் தேடிக்கொடுத்தது. குர்ஆன் அவ்வாறு மொழிபெயர்த்துத் தரவில்லை. நமக்குப் புரியாது என்று கூறி அமைந்தது. இவ்வேறுபாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது.

தவளையைப் பற்றிய உறுதியான ஹதீஸ் அதன் குரலைப் பற்றியதன்று. மருந்தில் தவளையைச் சேர்ப்பது பற்றி ஒரு மருத்துவர் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார். அதைக் கொல்ல வேண்டாமென நபியவர்கள் தடுத்தார்கள். அப்துர் ரஹ்மான் இப்னு உஸ்மான் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூத், நஸாயீ ஆகிய தொகுப்புகளில் உள்ளது. அதில் காரணம் கூறப்படவில்லை. தவளைகளைக் கொல்லாதீர்கள், அவற்றின் ‘நகீக்’ தஸ்பீஹாகும் என்று காரணம் கூறும் செய்தி நபிமொழியாக வரும்போது அதன் அறிவிப்புத் தொடர் பலவீனமானது. நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களின் கூற்றாக வருவதையே பைஹகீ (ரஹ்) சரியானது என்கிறார்கள். சொற்பொழிவுகளில் இவ்விரண்டையும் கலந்து, முழுவதையும் நபிமொழியாகச் சொல்லிவிடுகிறார்கள். பிரித்துச் சொல்வதே முறை.

தன் வாயால் கெடுவதற்குத் தவளையை உவமை காட்டுவது தமிழ் வழக்கு. அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களின் கூற்றிலோ அதன் குரலே அதைக் கொல்லாமல் விடுவதற்குக் காரணமாகிறது. கொல்வது தடுக்கப்பட்டதிலிருந்து உண்பதும் ஆகாது என்ற முடிவுக்கு ஷாஃபிஈ, ஹன்பலீ அறிஞர்கள் வந்தனர். ஹனஃபீ மத்ஹபிலும் தவளை உண்ணத்தக்கதன்று. மாலிக்கீ மத்ஹபில் அனுமதி உண்டு. நம் கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈயும் உள்நாட்டு ஊர்களில் ஹனஃபீயும் மிகுதியாக இருப்பதால், தவளைக் கால் விருந்து எங்கும் நம்மவர் இலைக்கு வந்ததில்லை. மழை பெய்த இரவில் கொல்லைப்புறத்தில் கத்தும் தவளையைக் கல்லெறிந்து அடக்கப் போகும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது அந்த மருத்துவர் கேட்ட கேள்வியும் அதற்குக் கிடைத்த விடையும்.